இருபத்தாறு நாளில் ஒரு நாவல்

(சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



விரைந்து ஒரு நாவலை எழுதி முடிக்க முற்படுபவர் தமது ஊக்கத்தையும் உடல்நலத்தையும் காத்துக்கொள்வது எங்ஙனம் என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். செயலாளர் அவர்கள் இப்பொருளை எமக்கு அறிவித்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, நாவல் எழுதுகிறவனைப் பற்றி ஏன் கவலைப்படுகிறீர்? அதை வாசிக்கப் போகிறவனுடைய உடல்நலத்தைப் பற்றியல்லவா பேசவேண்டும்" என்று நகைத்தார். நாமும் அவருடன் சேர்ந்து நகைத்தோம். எனினும் அந்நகைப்பின் பின்னே ஓர் ஐயம் இருக்கிறது. இச்சபையிலுள்ள பெரியோர் பலரிடமும் அதனை நாம் கண்டிருக்கிறோம். பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பிள்ளை இராப்பகலாகக் கதை எழுதிக் கண்ணையும் கெடுத்து, உடம்பையும் கெடுத்து, ஈற்றிலே கதையையும் முடிக்காமல் விட்டுவிடுமே என்பதுதான் அந்த ஐயம். அது வீண் ஐயமன்று. எம்மைப் போன்ற மாணவருள் எத்தனையோ பேருடைய பெட்டிகளின் அடியிலே மூன்று அத்தியாயத்தோடு நின்றுபோன கொப்பிகள் கிடக்கின்றன. எழுதத் தொடங்கிய ஆசை பெரிது; எழுதி முடித்த நாவல் இல்லை. எனவே பெரியோர்களின் ஐயத்திற்கு விடையாகவும், கொப்பிகளின் சொந்தக்காரருக்கு உதவியாகவும் இரண்டொரு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில், ஏன் விரைந்து எழுதவேண்டும்? பதறாத காரியம் சிதறாது என்று பெரியோர் சொல்லுவர். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சொல்லுவோரும் அதே பெரியோர்தாம். நாவலைப் பொறுத்தவரை இரண்டும் உண்மை; ஆனால் வெவ்வேறு காலத்திற்கு உரியவை. திருத்தும்போது பதறக்கூடாது. முதற்பிரதியை எழுதும்போது ஆறவிடக்கூடாது. ஒரு நாவலிலே பத்துப் பன்னிரண்டு மனிதர் நடமாடுகிறார்கள். அவரவர் பேசும் குரல், அவரவர் மனத்திலுள்ள கோபதாபம், யார் யாருக்கு எவ்வளவு தெரியும் என்ற கணக்கு, எல்லாவற்றையும் எழுதுவோன் ஒருங்கே தலையில் தாங்கி நிற்கவேண்டும். பத்து நாள் எழுதாமல் விட்டுவிட்டுத் திரும்பினால் அக்குரல்கள் காதிலே கேட்பதில்லை. பழைய பக்கங்களை மறுபடி வாசித்துத்தான் அவற்றை எழுப்பவேண்டியிருக்கிறது. வாசிக்கும்போது திருத்தத் தோன்றுகிறது. திருத்தத் தொடங்கியவன் முன்னே போவதில்லை. இன்னுமொரு காரணம் மிக எளியது. மாணவனுக்கு வாய்ப்பது விடுமுறை ஒன்றே. அது கழிந்தால் அடுத்த விடுமுறைவரை கதை காத்திருக்குமா?

இனி நாம் சொல்லவந்த கதைக்கு வருவோம். ருஷ்ய நாவலாசிரியர் டொஸ்தொயெவ்ஸ்கிக்கு 1864 மிகக் கொடிய ஆண்டாயிற்று. அவ்வாண்டில் அவருடைய முதல் மனைவி காலமானார். மூன்று மாதம் நிறையுமுன் தமையனாரும் காலமானார். தமையனார் வைத்துச்சென்ற கடன்களையும் குடும்பப் பாரத்தையும் டொஸ்தொயெவ்ஸ்கி தாமே ஏற்றுக்கொண்டார். கடன்காரர் நெருக்கிய நிலையில், 1865ஆம் ஆண்டுக் கோடையில், ஸ்டெலோவ்ஸ்கி என்னும் பதிப்பாளருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். 3,000 ரூபிள் பணத்திற்கு, முன்னே எழுதிய நூல்களை வெளியிடும் உரிமையைக் கொடுப்பது. அத்துடன் 1866 நவம்பர் 1ஆந் திகதிக்குள் புதிய நாவல் ஒன்றும் கொடுப்பது. தவறினால் அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அவர் எழுதுவன யாவற்றையும் ஒரு சதமும் கொடாமல் வெளியிடும் உரிமை பதிப்பாளருக்கு. இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மனிதனுடைய நெருக்கடி எத்தகையதென்று எண்ணிப்பாருங்கள்.

அந்த ஆண்டு முழுவதும் அவர் "குற்றமும் தண்டனையும்" என்ற பெருநாவலை ஒரு சஞ்சிகைக்குத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒக்டோபர் பிறந்தபோது பதிப்பாளருக்குக் கொடுக்கவேண்டிய நாவலில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. நண்பர் சிலர் கூடி, "நீர் கதையைச் சொல்லும், நாங்கள் ஆளுக்கொரு பகுதியாக எழுதி முடித்துவிடுகிறோம்" என்ற கருத்துப்பட ஒரு யோசனை சொன்னார்கள். மற்றவர் எழுதியதற்குத் தம் பெயரை இடுவதற்கு அவர் இசையவில்லை. கழுத்தில் கத்தி நிற்கும் வேளையிலும் அவ்வாறு மறுத்தமைக்காகவே அவரை நாம் வணங்கலாம். பின்னர்தான் சுருக்கெழுத்தாளர் ஒருவரை வைத்துச் சொல்லச்சொல்ல எழுதுவிக்கலாம் என்ற யோசனை பிறந்தது. சுருக்கெழுத்து அந்நாளில் அங்கே புதிய கலை. அதைக் கற்றுக்கொண்டிருந்த அன்னா ஸ்னித்கினா என்னும் இருபது வயதுப் பெண் ஒக்டோபர் 4ஆந் திகதி பென்சில்களுடன் அவர் வீட்டுக்கு வந்தார்.

முதல்நாள் நன்றாக அமையவில்லை. டொஸ்தொயெவ்ஸ்கிக்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் வலிப்பு வந்திருந்தது. மனம் எதிலும் நிலைகொள்ளாத நிலை. சோதனைக்காக மிக விரைவாக வாசித்தார். விடுபட்ட ஒரு முற்றுப்புள்ளிக்காகச் சினந்தார். ஆனால் சில நாட்களிலே வேலைக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. நண்பகல் 12 மணிக்கு அன்னா வருவார். 4 மணிவரை இருப்பார். அந்நான்கு மணியும் தொடர்ந்து எழுதுவதில்லை. அரைமணி, அல்லது அதற்குச் சற்று மேலாக ஒருமுறை சொல்லுவார், பின் தேநீரும் பேச்சும், மறுபடி சொல்லுவார். இவ்வாறு மூன்று முறை. இடையிலே தமது இளமை, சிறைவாசம், மரணதண்டனைக் களத்தில் நின்ற காலை எல்லாவற்றையும் அப்பெண்ணுக்குச் சொல்லுவார். அன்னா வீடு சென்று சுருக்கெழுத்தை முழு எழுத்தாக்கி மறுநாள் கொண்டுவருவார். அவர் அதைத் திருத்துவார். எழுதிய பக்கங்களைக் கணக்கிடுவதும், இன்னும் எத்தனை வேண்டும் என்று பார்ப்பதும் வழக்கமாயிற்று. பக்கங்கள் ஏற ஏற அவருடைய முகமும் தெளிந்ததாக அன்னா தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார்.

ஒக்டோபர் 29ஆந் திகதி நாவல் முடிந்தது. 26 நாள். "சூதாடி" என்று உலகம் அறிந்த நாவல் இதுவே. நவம்பர் 1ஆந் திகதி பிரதியைக் கொண்டுசென்றபோது ஸ்டெலோவ்ஸ்கி வீட்டில் இல்லை, வெளியூர் போய்விட்டார்! அலுவலகத்திலுள்ளவரும் அதனை ஏற்க மறுத்துவிட்டார். இத்தகைய தந்திரம் நடக்கலாம் என்று முன்னரே சட்டம் தெரிந்தவரிடம் விசாரித்து வைத்திருந்தமையால், பிரதியைப் பொலிஸ் நிலையத்திற் கொடுத்து இரவு 10 மணியளவில் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொண்டார். கெடு முடிய இரண்டு மணிநேரமே மிகுதியாக இருந்தது. (திகதிகள் ருஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி.) 1867 பெப்ரவரியில் அன்னாவையே அவர் திருமணஞ் செய்துகொண்டார் என்பதும், பின்னைய நாவல்களும் அவ்வம்மையாரின் சுருக்கெழுத்தாலேயே உருவாயின என்பதும் பலருக்குத் தெரிந்த செய்தி.

இக்கதையைக் கேட்கும் இளைஞர் சிலர், "பார்த்தீர்களா, நெருக்கடி வந்தால் தானாக எழுத வரும்" என்று முடிவு கட்டுகிறார்கள். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. நெருக்கடி அவரிடம் ஓராண்டுக்கு மேலாக இருந்தது. அது ஒரு வரியையும் பிறப்பிக்கவில்லையே! எழுத்தைப் பிறப்பித்தவை வேறு. ஒன்று, கதை முன்னரே பழுத்திருந்தது. சூதாட்ட மேசையில் அகப்பட்ட ஒருவனைப் பற்றி எழுதப்போவதாக 1863இலேயே உரோமாபுரியிலிருந்து நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சூதின் வெறியையோ அவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அறிந்தவர். 26 நாளில் எழுதியது மெய். மூன்று ஆண்டு மனத்தில் வைத்திருந்ததும் மெய். மற்றொன்று, குறித்த மணிக்கு ஒரு மனிதர் வந்து எதிரே அமர்ந்து காத்திருந்தார். ஊக்கம் என்பதை ஏதோ வானத்திலிருந்து இறங்கும் பொருளாக நாம் எண்ணுகிறோம். அந்த வீட்டிலே அது நண்பகல் 12 மணிக்கு வாசற்கதவைத் தட்டியது.

மிஷன் பாடசாலை விடுதியில் வளர்ந்த எமக்கு மணியோசையின் வலிமை தெரியும். எழுவதற்கு ஒரு மணி, படிப்பதற்கு ஒரு மணி, உண்பதற்கு ஒரு மணி. அந்நாளில் அம்மணியை வெறுக்காதவர் இல்லை. ஆனால் மணி அடித்தபின் "படிக்க மனம் வருகிறதா" என்று எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கேள்வி எழாதபோது விடையும் தேவைப்படுவதில்லை.

மணிக்கணக்கு என்றவுடன் ஆங்கில நாவலாசிரியர் அன்ரனி ட்ரொலப் நினைவுக்கு வருகிறார். தபாற் பகுதியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர். 47 நாவல்கள் எழுதியவர். 1875இல் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் எமது தீவிலும் இறங்கிச் சென்றவர். காலை 5.30 மணிக்கு எழுதும் மேசையில் இருப்பார். கோப்பியுடன் தம்மை எழுப்பிவிடும் வேலையாளுக்கு ஆண்டொன்றுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தாராம். முதல் அரைமணி நேற்று எழுதியதை வாசிப்பது. பின்னர் கடிகாரத்தை எதிரே வைத்துக் கால்மணிக்கு 250 சொல்லாக எழுதுவது. மூன்று மணிநேரம் ஆனதும் எழுந்து உத்தியோகத்துக்கு ஆயத்தமாவது. ஒவ்வொரு நாளும் எழுதிய பக்கங்களை ஒரு குறிப்பேட்டில் பதிவார். எழுதாத நாளின் வெற்றிடம் அவர் கண்ணை உறுத்தும். இவ்விஷயங்களை அவர் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதிவைக்க, அது 1883இல், அவர் இறந்த மறு ஆண்டில், வெளிவந்தபோது விமரிசகர் பலர் முகஞ் சுளித்தனர். கலைஞன் கடிகாரத்தைப் பார்த்து எழுதலாமா என்பது அவர்கள் கேள்வி. அவருடைய நாவல்களோ இன்றும் வாசிக்கப்படுகின்றன.

இங்கே இடையில் ஒன்று. 1999இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோப் பகுதியில் 21 பேர் கூடி ஒரே மாதத்தில் ஆளுக்கு 50,000 சொல் கொண்ட நாவலை எழுதுவதென்று தொடங்கிய முயற்சி, பின் நவம்பர் மாதந்தோறும் உலகெங்கும் நடந்தது; அதை நடத்திய நிறுவனம் 2025இல் மூடப்படுவதாக அறிவித்தது. நாளொன்றுக்கு 1,667 சொல் என்பது அவர்கள் கணக்கு. நம்மவர் சிலர் இக்கணக்கையும் ட்ரொலப்பின் கணக்கையும் அப்படியே எடுத்துத் தமிழுக்கு வைத்துக்கொண்டு திணறுகிறார்கள். தமிழ்ச் சொல் ஒட்டிச் செல்வது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக விரிவது "வீட்டிலிருந்துதான்" என்று தமிழில் ஒரே சொல்லாக நிற்கிறது. எனவே அதே கதையைத் தமிழில் எழுதினால் சொல் எண்ணிக்கை குறைவாகவே வரும். சொல்லை எண்ணுவதை விட்டுப் பக்கத்தை எண்ணுவது எமக்கு உகந்தது. அப்பியாசக் கொப்பியில் நாளுக்கு ஐந்து பக்கம் என்று வையுங்கள். முப்பது நாளில் 150 பக்கம். கடந்த பல்கலைக்கழக விடுமுறையில் நாமும் நண்பர் இருவருமாக ஒரு வீட்டு விறாந்தையில் காலை 5 மணி முதல் 8 மணிவரை இருந்து எழுதியது இக்கணக்கின்படியே. இருவர் கதை முடிந்தது. மற்றவரை 19ஆம் நாள் அவருடைய தகப்பனார் அரிவுவெட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். நெல்லும் வீட்டுக்கு வரத்தானே வேண்டும்.

இனி உடம்பு. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பதை இச்சபையில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் எழுத்தாளனென்றால் இரவெல்லாம் விழித்துக் கோப்பி குடித்துக் கண் சிவந்திருக்கவேண்டும் என்று ஒரு பிரமை மாணவரிடையே உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கை இதற்குச் சாட்சியாக இழுப்பர். அவர் நள்ளிரவில் எழுந்து, கடுங்கோப்பியின் துணைகொண்டு, விடியும்வரை எழுதினார் என்பது உண்மையே. 1850இல், 51ஆம் வயதில், இருதயம் தளர்ந்து இறந்தார் என்பதும் உண்மை. கோப்பிதான் கொன்றது என்று நாம் சாதிக்க வரவில்லை. அவருடைய கொப்பிகளை எட்டாமல் அவருடைய கோப்பியை மட்டும் எட்டிப்பிடிப்பவரைப் பார்த்துத்தான் இதைச் சொல்லுகிறோம். சேர் வால்ரர் ஸ்கொட்டையும் நினைத்துப்பாருங்கள். 1826இல் பெருங்கடன் தலைமேல் விழுந்தபோது, பேனாவினாலேயே அதனை அடைப்பேன் என்று வைராக்கியங் கொண்டு ஓயாமல் எழுதினார். பாரிசவாதம் ஒருமுறைக்கு மேல் தாக்கியபின்னும் எழுதினார். 1832இல் 61ஆம் வயதில் மறைந்தார். பாடசாலையில் இதனைத் தியாகம் என்று எமக்குக் கற்பித்தார்கள். தியாகந்தான், ஆனால் விடுமுறையில் முதல் நாவல் எழுதும் பிள்ளைக்கு அது முன்மாதிரியன்று. அப்பிள்ளைக்குக் கடன் எதுவும் இல்லையே.

முன்மாதிரி வேண்டின் பெல்ஜியத்திற் பிறந்த ஜோர்ஜ் சிமெனோனைப் பாருங்கள். துப்பறியும் மெக்ரே என்ற பாத்திரத்தைப் படைத்தவர். தம் சொந்தப் பெயரிலே ஏறக்குறைய இருநூறு நாவல் எழுதியவர். 1955இல் வெளிவந்த ஒரு நேர்காணலில் தமது முறையை விவரித்திருக்கிறார். நாவல் தொடங்குமுன் பதினொரு நாளுக்கு வேறு அலுவல் எதுவும் இல்லையென்று உறுதி செய்வார். அதன்பின் வைத்தியரை அழைப்பார். வைத்தியர் இரத்த அழுத்தம் முதலிய யாவற்றையும் சோதித்துச் சரியென்றால்தான் எழுதத் தொடங்குவார். நாளுக்கு ஓர் அத்தியாயம். ஐந்தாறு நாளுக்குமேல் அந்தப் பாத்திரத்தின் பாரம் தாங்கமுடியாததாகும். பதினொரு நாளுக்கு மேல் உடம்பு இடங்கொடாது. எனவேதான் தம் நாவல்கள் சிறியவை என்றார். நடுவில் 48 மணிநேரம் நோயாகப் படுத்தால் எழுதியதை எறிந்துவிடுவார், அக்கதைக்குத் திரும்புவதில்லை. எறிந்துவிடுவதை நாம் பின்பற்றவேண்டியதில்லை; அது அவர் சுபாவம். முதலில் உடம்பைக் கேட்டு, அது தாங்கும் அளவுக்கு நாவலின் அளவை வகுத்தாரே, அதுவே கவனிக்கத்தக்கது. நம்மவரோ நாவலின் அளவை முதலில் வகுத்துவிட்டு உடம்பை அதற்கேற்ப இழுக்கிறோம்.

விடுதியில் மாணவர் ஒருவர் இரவு மூன்று மணிவரை எழுதிக் காலையில் விரிவுரைக்குப் போகாமல் உறங்குவதை வழக்கமாக்கினார். பத்தாம் நாள் காய்ச்சலோடு படுத்தார். வைத்தியர் புதிதாக எதையும் சொல்லவில்லை. தூங்கும்படியும் வேளைக்கு உண்ணும்படியும் சொன்னார். வளர்ந்தவருக்கு ஏழு மணிநேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர் பொதுவாக ஒப்புக்கொண்ட அளவு. எழுதுவோனுக்கு அது இன்னுந் தேவை; ஏனெனில் பகலிலே கண்டதையும் கற்றதையும் மூளை ஒழுங்குபடுத்தி வைப்பது தூக்கத்தில். இரவு தீராத சிக்கலொன்று காலையில் தானே அவிழ்ந்து நிற்பதைக் கணிதம் படிப்போரும் அறிவர். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் என்னும் பொருளில் பாதியளவு உடம்பிலிருந்து நீங்க ஏறக்குறைய ஐந்து மணிநேரம் செல்லும். ஆகவே மாலை ஆறு மணிக்குக் குடித்த கடுங்கோப்பி இரவு பதினொரு மணிக்கும் பாதி விழித்தபடியே இருக்கும். காலையில் எழுதுபவர் காலையிற் குடிக்கட்டும், அவ்வளவுதான். மடிக்கணினியில் எழுதுவோர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்திலுள்ள எதையேனும் இருபது விநாடி பார்ப்பது கண்ணுக்கு நல்லது. வேலியிலுள்ள முருங்கை போதும். கைத்தொலைபேசியைப் பார்த்தால் அது கணக்கில் வராது. மணிக்கொருமுறை எழுந்து நடவுங்கள். மாலையில் நெடுந்தூரம் நடவுங்கள். ட்ரொலப் குதிரையேறி வேட்டைக்குப் போனார். இக்காலத்து யப்பானிய நாவலாசிரியர் முறகாமி நாவல் எழுதும் நாட்களில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து எழுதிவிட்டுப் பத்துக் கிலோமீற்றர் ஓடுவதாகவோ நீந்துவதாகவோ கூறியிருக்கிறார். எமக்குத் துவிச்சக்கர வண்டி இருக்கிறது.

உடம்பு நன்றாயிருந்தும் மனம் தளரும் நாட்கள் வரும். அவை பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் வரும். தொடக்கத்தின் புதுமை தீர்ந்திருக்கும். முடிவு இன்னும் கண்ணுக்கு எட்டியிராது. கதாநாயகன் ஒரு வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகவும் மாட்டான், திரும்பவும் மாட்டான். இந்த வேளையில்தான் வேறொரு புதிய கதை மிக அழகாகத் தோன்றும்! அதனை ஒரு வரியாகக் கடைசித் தாளில் எழுதிவைத்துவிட்டுப் பழைய கதைக்கே திரும்புங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவார். கிணற்றை இறைத்து வற்றவிடாமல் ஊறவிடுவது போன்றது அது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இதைச் சொல்லித்தரவேண்டுமா? பெயர் நினைவுக்கு வராவிட்டால் வெற்றிடம் விட்டு மேலே செல்லுங்கள். ஒரு காட்சி வரவில்லையென்றால் "இங்கே சண்டை" என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போங்கள். நேற்றைய கடைசிப் பக்கத்துக்கு அப்பால் திரும்பி வாசிக்கவேண்டாம். நாவல் எழுதுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லவும் வேண்டாம். சொன்னவுடனேயே பாதி எழுதிமுடித்த திருப்தி வந்துவிடுகிறது. ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். அவர் வாரம் ஒருமுறை, "எத்தனை பக்கம்?" என்று கேட்கட்டும். கதை எப்படி என்று கேட்கவேண்டாம்.

இப்பொழுது, இந்தப் பேச்சை ஆயத்தஞ் செய்யும்போது எம்மை மிகவும் சிந்திக்கவைத்த விஷயத்துக்கு வருகிறோம். கசுவோ இஷிகுரோ என்ற ஆங்கில எழுத்தாளர், 2017இல் நோபல் பரிசு பெற்றவர், தமது புகழ்பெற்ற நாவலொன்றின் முதற்பிரதியை 1987ஆம் ஆண்டுக் கோடையில் நான்கு வாரத்தில் எழுதினார். திங்கள் முதல் சனிவரை காலை 9 மணியிலிருந்து இரவு 10.30 மணிவரை எழுத்து. பகலுணவுக்கு ஒரு மணி, இரவுணவுக்கு இரண்டு மணி ஓய்வு. கடிதம் பார்ப்பதில்லை, தொலைபேசி எடுப்பதில்லை, வீட்டுக்கு எவரும் வருவதில்லை. காலையில் எழுதியதற்கு மாலையில் எழுதியது முரணானாலும் கவலைப்படாமல் எழுதிச்சென்றார். முதல் ஞாயிறு வெளியே இறங்கியபோது தெரு சரிவாக இருப்பதைக் கண்டு தம்மையறியாமல் சிரித்தாராம். அவ்வளவு ஆழத்தில் இருந்திருக்கிறார். அந்நான்கு வாரமும் அவர் பங்குச் சமையலையும் வீட்டு வேலையையும் அவருடைய மனைவியார் ஏற்றுக்கொண்டார். இதனை இஷிகுரோவே நன்றியோடு எழுதியிருக்கிறார்.

இப்பொழுது டொஸ்தொயெவ்ஸ்கியின் வீட்டுக்கு மறுபடி போய்ப் பாருங்கள். 4 மணிக்கு வேலை முடிந்தபின் அன்னா வீட்டுக்குச் சென்று இரவிலே இருந்து பிரதியெடுத்தார். ட்ரொலப் புகைவண்டியில் பென்சிலால் எழுதியவற்றை அவருடைய மனைவியார் நல்ல பிரதியாக எழுதிக்கொடுத்தார். விரைந்து எழுதப்பட்ட நாவல் ஒவ்வொன்றின் உள்ளேயும் இன்னொருவருடைய தூக்கம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எழுதுவோனின் உடல்நலத்தைப் பற்றிப் பேச வந்த நாம், பிரதியெடுப்போளின் உடல்நலத்தைப் பற்றி எவரும் எழுதக் காணோம்.

எமது வீடுகளில் அண்ணன் எழுதினால் தங்கை தேநீர் கொண்டுவந்து வைப்பாள். சத்தம் போடாதே என்று தாயார் சின்னப் பிள்ளைகளை அடக்குவார். தங்கை எழுதினால்? பரீட்சையில் அண்ணனைவிடக் கூடிய புள்ளி வாங்கிய தங்கைகள் இச்சபையிலே பலர் இருக்கிறார்கள். அவர்களுள் இருவர் எம்மிடம் சொன்னது ஒன்றே: எழுதக் கதை இருக்கிறது, காலையில் ஒரு மணிநேரம் இல்லை. ஐந்து மணிக்கு அடுப்பு, ஆறு மணிக்கு இடியப்பம், ஏழு மணிக்கு முற்றம். தூக்கத்தை வெட்டித்தான் எழுதவேண்டும். வெட்டினால் நாம் மேலே சொன்ன காய்ச்சல்தான். ஊக்கத்தைக் காப்பதற்கு அவர்களுக்கு நாம் எந்த உபாயத்தையும் சொல்லவேண்டியதில்லை. ஊக்கம் அவர்களிடம் வேண்டிய அளவு இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது மேசை, ஒரு கதவு, இடியப்பம் பிழிய இன்னொரு கை. அந்தக் கை அண்ணனுடையதாக இருப்பதில் என்ன குறை? அன்னா ஸ்னித்கினாவும் பிற்காலத்தில் தம் நினைவுகளை எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் இந்த 26 நாளைப் பற்றி நாம் இவ்வளவு அறிந்திருக்கமாட்டோம். இன்றைக்குப் பேசவும் பொருள் இருந்திராது.

ஆதலின் இக்கூட்டத்தின் வாயிலாகச் செயற்குழுவிடம் ஒன்று கேட்கிறோம். வருகிற விடுமுறையில் முப்பது நாளுக்கு, காலை 5 மணி முதல் 8 மணிவரை, சங்கத்தின் வாசிகசாலையைத் திறந்துவிடுங்கள். இரண்டு நீள மேசைகள் இருக்கின்றன, ஒன்று சகோதரிகளுக்கு. பேச்சில்லை, கைத்தொலைபேசியில்லை. 6.30க்கு ஒரு கோப்பை தேநீர். எழுதுவோரே முறைவைத்துப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எழுதியதை ஒருவரும் ஒருவருக்கும் காட்டவேண்டியதில்லை. சுவரிலுள்ள தாளில் அன்றைய பக்க எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதும். முப்பதாம் நாள் கொப்பிகளைக் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு மாதமேனும் அவற்றைத் தொடாமல் பாடப் புத்தகங்களுக்குத் திரும்பவேண்டும். அதன்பின்னரே திருத்தம். அதைப் பற்றி வேறொருவர் பேசட்டும்.

பெரியோர்களிடம் கேட்பது இன்னுஞ் சிறியது. அந்த முப்பது நாளும் காலை மூன்று மணிநேரம் உங்கள் பெண்பிள்ளைகளை அடுப்படியிலிருந்து விட்டுத்தாருங்கள். வாசிகசாலையின் திறப்பு இப்பொழுது பொருளாளர் வீட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் இம்மாதக் கடைசிக்குள் அவரிடம் பெயர் கொடுக்கலாம்.